பின் சஸ்பென்ஷன் மாற்றப் போகிறீர்களா? என் இரண்டு மாதச் சம்பளம் போன விதத்தைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று சாயங்காலம் பின்சக்கரம் பஞ்சர். ஸ்டெப்னி மாட்டச் சக்கரத்தைக் கழற்றினேன். இரண்டு மாதச் சம்பளம் கொடுத்துப் போட்ட 'புது' ஸ்பிரிங்கில் கறுப்பு பெயிண்ட் உரிந்து உள்ளே துரு தெரிந்தது. அது என் பழைய ஸ்பிரிங்! மேலே ஒரு தடித்த ரப்பர் ஸ்பேசரை, அதாவது உயரம் கூட்டும் கட்டையை வைத்து, பெயிண்ட் அடித்து, புதுசு என்று கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது குடும்பத்தோடு போகும் ஃபோர் வீல் டிரைவ். டிரெய்லர் மாட்டினால் பின்பக்கம் உட்கார்ந்து மூக்கு மேலே தூக்கும். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அதைவிடப் பயம், ஸ்டீயரிங் லேசாகிவிடும். கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், அங்கே இறங்கும் எடை நெம்புகோல் மாதிரி முன்சக்கரங்களைத் தூக்கப் பார்க்கும். பிள்ளைகளை உட்காரவைத்து அப்படி ஓட்ட மனசு வரவில்லை.

அதனால் பின் ஸ்பிரிங்கை மாற்ற ஒரு கடைக்குப் போனேன். சஸ்பென்ஷன் வேலை மட்டுமே செய்யும் கடை அது. உரிமையாளரே வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "என் தங்கச்சி குடும்பம் இதுல போனா என்ன போடுவேனோ, அதையே உங்களுக்கும் போடுறேன் சார்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்தேன். டிரெய்லர் எவ்வளவு எடை, கொக்கியில் எவ்வளவு இறங்கும் என்று அவர் கேட்கவே இல்லை. ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பதே அந்த எண்களை வைத்துத்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. அப்புறம் எடைமேடைக்குப் போய்த் தெரிந்துகொண்டேன்: டிரெய்லர் 1,500 கிலோ, கொக்கியில் மட்டும் 150.

வண்டியை எடுத்த அன்று பின்பக்கம் 3 செ.மீ. உயர்ந்திருந்தது. சந்தோஷப்பட்டேன். டிரெய்லர் மாட்டியதும் முன்பு இறங்கிய அதே 5 செ.மீ. இறங்கியது. ஸ்பேசர் உயரத்தைத்தான் கூட்டும், ஸ்பிரிங்கின் பலத்தைக் கூட்டாது.

போன் செய்தேன். "புது ஸ்பிரிங் சார், செட் ஆக ஆயிரம் கிலோமீட்டர் ஓடணும்." ஓட்டிவிட்டுச் செய்தேன். "நீங்க லோடு அதிகமா ஏத்துறீங்க." மூன்றாவது முறை ஒரு பையன் எடுத்து, "அண்ணன் வெளியே போயிருக்கார்" என்றான். இன்று காலை நேரிலேயே போய், சக்கரத்தைக் கழற்றி எடுத்த போட்டோவைக் காட்டினேன். பார்க்கவே இல்லை அந்த மனிதர். "பில்லுல புது ஸ்பிரிங்னு எங்க சார் இருக்கு?" என்றார். எடுத்துப் பார்த்தால், 'பின் சஸ்பென்ஷன் வேலை' என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்கு இரண்டு மாதச் சம்பளம். தங்கச்சி குடும்பமாம்!

சரி, சொன்னபடி சொல்கிறேன், கை நடுங்குகிறது, விரிவாக எழுத முடியவில்லை. கழற்றிய பழைய பாகங்களைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். பில்லில் ஸ்பிரிங்கின் பார்ட் நம்பர் இருக்க வேண்டும். சக்கர மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை, டிரெய்லரோடும் இல்லாமலும், வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து எழுதிவையுங்கள். கெட்டியான ஸ்பிரிங் போட்டால் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் வேண்டும். எந்த ஸ்பிரிங் போட்டாலும், கம்பெனி சொன்ன இழுவை எடை கூடிவிடாது. கூடும் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.