சர்க்கரைக்காரருக்குப் பல்வலி: மெடிக்கலா, பக்கத்து கிளினிக்கா, பெரிய ஆஸ்பத்திரியா?

போன ஐப்பசியில் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் வலி. 18 வருஷமாகச் சர்க்கரை. ராத்திரி எட்டு மணிக்கு வழக்கம்போல மாத்திரை போட்டுக்கொண்டார். மெல்ல முடியாமல் தோசையைப் பாதியிலேயே தள்ளிவிட்டார். பத்தரைக்குக் கை நடுங்குகிறது, நைட்டி வேர்வையில் நனைந்துவிட்டது. வலி தாங்காமல்தான் என்று நினைத்தோம். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 58! 70-க்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

இதே பல்லில் சீழ் கட்டினால் சர்க்கரை அப்படியே எதிர்ப்பக்கம் எகிறும். அதனால் எங்கே போவது என்பதை வலியை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது.

வேலூரில் முக்கால்வாசிப் பேர் முதலில் போவது மெடிக்கலுக்குத்தான். அங்கே கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், இப்யூபுரோஃபென் எல்லாம் கிட்னியைப் பாதிக்கக் கூடியவை. ரொம்ப நாள் சர்க்கரை உள்ளவருக்குக் கிட்னி ஏற்கெனவே தளர்ந்திருக்கலாம், வெளியே தெரியாது. ஒரு ராத்திரியை ஓட்டப் பாராசிட்டமால் போதும். இரண்டு வேளை ஆன்டிபயாடிக்கால் சீழ் வெளியேறிவிடாது. மெடிக்கலை ஒரு வழியாகவே நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.

பக்கத்து கிளினிக்குக்குத்தான் என் ஓட்டு. சாயங்காலமும் திறந்திருக்கும், அதே டாக்டர் அடுத்த வாரமும் பார்ப்பார். ஆனால் எல்லாக் கிளினிக்கும் ஒன்றில்லை. சத்துவாச்சாரியில் நாங்கள் முதலில் போன இடத்தில் சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் ஊசியை எடுத்தார்கள், எழுந்து வந்துவிட்டோம். அடுத்த இடத்தில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "சாப்பிட்டீங்களாம்மா? மாத்திரை எப்போ போட்டீங்க?" அங்கேயே குத்திப் பார்த்தார், 240. சுகர் இறங்கட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயந்தேன். "சீழ் உள்ளே இருக்கிறவரைக்கும் சுகர் எப்படிங்க இறங்கும்?" என்று சொல்லி அன்றைக்கே கீறி வடித்துவிட்டார். பல்லைப் பிடுங்குவதை மட்டும் தள்ளிவைத்து, காலையில் டிபனும் மாத்திரையும் முடித்துவிட்டு வரச் சொன்னார்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியில் செலவு பற்றிய கவலை இல்லை, காலையிலேயே ஓபி சீட்டுக்குக் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். சி.எம்.சி.யில் பல் பிரிவும் சர்க்கரை மருத்துவரும் ஒரே குடையின் கீழ். ஸ்டென்ட் வைத்தவர், டயாலிசிஸில் இருப்பவர், சர்க்கரை கட்டுக்கே வராதவர் என்றால் தயங்காமல் அங்கே போகலாம். ஒரு சொத்தைக்காக நாள் முழுக்கக் காத்திருப்பது வீண்.

இந்தக் கணக்கெல்லாம் செல்லாத நிலை ஒன்று உண்டு. வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்குகிறது, வாய் திறக்க வரவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, நாக்கு மேலே தூக்குகிறது, கூடவே காய்ச்சல் என்றால் கிளினிக் வாசலை மிதிக்கவே வேண்டாம். மூச்சுக்குழாய் சில மணி நேரத்தில் அடைபடலாம். அணைக்கட்டோ குடியாத்தமோ, விடியட்டும் என்று பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மேல்வரிசைப் பற்கள் திடீரென்று ஆடினாலோ, கன்னம் மரத்துப்போனாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. 2021-ல் கருப்புப் பூஞ்சை பல பேருக்கு இப்படித்தான் தொடங்கியது.

அம்மாவுக்கு வலி போனதும் ஈறு சிகிச்சையையும் தொடர்ந்தோம். ஈறு நோயைச் சரிசெய்தால் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சதவீதத்தில் காட்டும் ரத்தப் பரிசோதனை) சராசரியாக 0.4 அளவுக்கு இறங்குவதாக ஆய்வுகள் சொல்கின்றன. இப்போது எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் மாத்திரை அட்டைகளையும் கடைசி ரத்த ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொள்கிறார். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்துவதில்லை. பையின் ஓரத்தில் ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரையும் இருக்கும்.