மரு நீக்கிகள்: திரவம், பிளாஸ்டர், ஸ்ப்ரே – எதை வாங்கலாம்?

மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்கும் மரு நீக்கிகளுக்குப் பெட்டிகள் பலவிதம். உள்ளே இருப்பது பெரும்பாலும் மூன்றே சரக்கு. சாலிசிலிக் அமிலம் கலந்த திரவம், அதே அமிலம் தடவிய பிளாஸ்டர், உறைய வைக்கும் ஸ்ப்ரே. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் திரவத்தை வாங்குங்கள். கூடவே ஒரு நக அரமும் வாங்காவிட்டால் அந்தக் காசும் வீண்.

முதலில், அது மருதானா? தமிழில் கழுத்திலும் அக்குளிலும் தொங்கும் மெத்தென்ற சதையையும் மரு என்கிறோம், சில வீடுகளில் மச்சத்தையும் அப்படித்தான் சொல்கிறோம். இந்த மூன்று சரக்கும் அவற்றுக்கானவை அல்ல. மச்சத்தின் மேல் அமிலம் வைப்பது ஆபத்தும்கூட. உண்மையான மரு ஹெச்பிவி என்ற வைரஸால் வருவது. தொட்டால் சொரசொரப்பு, மேற்பரப்பு காலிஃப்ளவர் போல. கைரேகை அதன் விளிம்போடு நின்றுவிடும். லேசாகச் சுரண்டினால் கரும்புள்ளிகள் தெரியும். அவற்றை ‘வேர்’ என்று நினைத்து ஊசியால் தோண்டுகிறவர்கள் உண்டு. உண்மையில் அவை ரத்தம் உறைந்த நுண்குழாய்கள். மருவுக்கு வேர் கிடையாது, அது மேல்தோலைத் தாண்டுவதில்லை. உள்ளங்காலில் இருப்பது மருவா, கால் ஆணியா என்ற குழப்பத்துக்கு எளிய சோதனை: நேராக அழுத்தினால் அதிகம் வலிப்பது ஆணி, இரு பக்கமும் கிள்ளினால் அதிகம் வலிப்பது மரு.

இனி திரவம். 17 சதவீத சாலிசிலிக் அமிலம், அல்லது சாலிசிலிக்கும் லாக்டிக் அமிலமும் தலா 16.7 சதவீதம், எது கிடைத்தாலும் சரி. இரண்டும் கொலோடியனில் கரைந்திருக்கும். பூசியதும் பால் ஏடு போலக் காய்ந்து அமிலத்தைத் தோலோடு பிடித்துவைப்பது அதன் வேலை. தடித்த தோலின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பசையை அமிலம் இளக்கி, அடுக்கடுக்காக உரிக்கிறது.

செய்முறை தினமும் ஒரு தடவை, இரவில். வெந்நீரில் 5 நிமிடம் ஊறவைத்து, வெளுத்துக் கிடக்கும் செத்த தோலை அரத்தால் தேய்த்து எடுக்கவும். ஈரம் போகத் துடைத்து, சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் பூசி, மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு வைக்கவும். காய்ந்ததும் இன்னொன்று. அதன்மேல் சாதாரண பிளாஸ்டர் ஒட்டினால் அமிலம் ஆழமாக இறங்கும். தேய்க்காமல் பூசிக்கொண்டே போனால் அமிலம் செத்த தோலைத்தான் கரைக்கும், மருவை எட்டாது. ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் (இங்கே மட்டும் வேர் உண்டு) இதுதான். ரத்தம் வரத் தேய்ப்பதும் தவறு, வைரஸ் பக்கத்துத் தோலில் பரவும். அந்த அரத்தை நகத்துக்கோ வேறொருவருக்கோ பயன்படுத்தக் கூடாது. எரிச்சல் அதிகமானால் இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டுத் தொடரலாம்.

12 வாரம் வரை ஆகும். கொஞ்ச நாளில் மரு தட்டையானதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஓரத்தில் மிச்சமிருப்பது மறுபடி தலைதூக்கும். ரேகைகள் அந்த இடத்தைத் தடையின்றிக் கடந்து போனால்தான் முடிந்தது என்று கணக்கு.

குப்பியின் குறை, மூடியிலுள்ள தூரிகை. சின்ன மருவுக்கு அது மிக அகலம்; பல்குச்சி நுனியால் வைப்பது மேல். மூடியைத் திறந்தே வைத்தால் திரவம் கெட்டியாகிவிடும். தீப்பிடிக்கும் சரக்கு, அடுப்பருகே திறக்க வேண்டாம்.

பிளாஸ்டரில் 40 சதவீத அமிலம். குதிகாலின் தடித்த தோலுக்கு நல்லது. மருவின் அளவுக்கு வெட்டி ஒட்ட வேண்டும். வட்டத்தை அப்படியே ஒட்டினால் சுற்றுத்தோல் புண்ணாகும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றலாம். வியர்வையில் நழுவும், விரல் மூட்டில் நிற்கவே நிற்காது.

ஸ்ப்ரேதான் அதிக ஏமாற்றம் தருவது. உள்ளே பெரும்பாலும் டைமெத்தில் ஈதர், புரொப்பேன் என்ற குளிரூட்டும் வாயுக்கள். மருத்துவமனையில் வைக்கும் திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. டப்பாவின் குளிர் அதற்கு அருகில்கூட வராது, பஞ்சு முனை தோலைத் தொடும்போது இன்னும் குறைந்துவிடும். 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், 13 வாரம் கழித்து சாதாரண மருக்கள் திரவ நைட்ரஜனில் 49 சதவீதம் பேருக்கும், அமிலத்தில் 15 சதவீதம் பேருக்கும், சும்மா விட்டதில் 8 சதவீதம் பேருக்கும் போயின. அந்த 49 மருத்துவர் கையிலுள்ள நைட்ரஜனுக்குரிய மதிப்பெண், கடை டப்பாவுக்குரியது அல்ல. உள்ளங்கால் மருவில் நைட்ரஜனுக்கும் முன்னுரிமை இல்லை: 2011இல் வந்த பிரிட்டன் ஆய்வில் அதுவும் 50 சதவீத அமிலமும் 12 வாரத்தில் தலா 14 சதவீதம்தான். கால் மரு பிடிவாதக்காரன்.

ஸ்ப்ரேயை வாங்கியே ஆக வேண்டும் என்பவர்கள், தாளில் சொன்ன நொடிகளுக்கு மேல் அழுத்தாமல், இரண்டு வார இடைவெளியில் மூன்று நான்கு தடவையோடு நிறுத்திக்கொள்ளவும். கொப்புளம் வரலாம். கருத்த தோலில் வெள்ளைத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். நகத்தை ஒட்டிய மருவில் வைத்தால் நகம் கோணலாக வளரக்கூடும்.

முகத்துக்கும் பிறப்புறுப்புக்கும் மூன்றுமே கூடாது. சர்க்கரை நோயாளிகளும், காலில் ரத்த ஓட்டமோ உணர்ச்சியோ குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். புண் ஆனதே தெரியாமல் போகும். குழந்தைகளின் மருக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, இரண்டு ஆண்டுக்குள் தாமாகவே போய்விடும். வலிக்காத மரு என்றால் எதையும் வாங்காமல் காத்திருப்பதும் சரியான முடிவே. வயதானவர்களுக்குப் புதிதாக ‘மரு’ முளைத்து, வேகமாக வளர்ந்தாலோ தானாக ரத்தம் கசிந்தாலோ, எந்தக் குப்பியையும் திறக்காமல் நேராகத் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.