லினக்ஸ் சாக்கெட் நிரலை விண்டோஸில் கம்பைல் செய்ய: டபிள்யூஎஸ்எல், சிக்வின், மிங்டபிள்யூ, லிப்யூவி – எதில் எவ்வளவு தலைவலி?

லினக்ஸில் சி மொழியில் எழுதிய, சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் நிரல் முனை) வழியாகப் பேசும் ஒரு சின்ன டிசிபி சர்வரை எடுத்து விண்டோஸில் கம்பைல் போட்டுப் பாருங்கள், "சிஸ்/சாக்கெட்.எச் என்று ஒரு கோப்பே இல்லை" என்று முதல் பத்து வரிக்குள் நின்றுவிடும். இங்கிருந்து போக நாலைந்து வழி உண்டு. பெரும்பாலும் எதில் பிழை குறைவாக வருகிறது என்று பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது தப்பான அளவுகோல் என்பது என் கருத்து. கம்பைல் பிழை கோப்புப் பெயரும் வரி எண்ணும் சொல்லிவிட்டு நிற்கும், திருத்திவிடலாம். கம்பைல் ஆகிவிட்டு ஓடும்போது காலை வாருவதுதான் வம்பு. அதனால் ஒவ்வொரு வழியும் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று பார்ப்போம்.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் மைக்ரோசாஃப்ட் வசதியான டபிள்யூஎஸ்எல் 2-இல் பிழையே வராது, ஏனென்றால் நீங்கள் விண்டோஸுக்குக் கம்பைல் செய்யவே இல்லை. 2016-இல் வந்த முதல் பதிப்பு லினக்ஸ் சிஸ்டம் கால்களை (நிரல் இயங்குதளத்திடம் வைக்கும் கோரிக்கைகளை) விண்டோஸுக்கு மாற்றிக்கொடுத்தது. 2019-இல் வந்த இரண்டாவது பதிப்பு மெய்நிகர் எந்திரத்துக்குள் உண்மையான லினக்ஸ் கர்னலையே ஓட்டுகிறது. உங்கள் கணினியில் நீங்கள் மட்டும் சோதித்துப் பார்க்க இதுவே போதும். ஆனால் நெட்வொர்க் நிரல் என்றால் ஒரு இடத்தில் இடிக்கும்: வழக்கமான அமைப்பில் அது என்ஏடி-க்கு (உள் முகவரியை மறைக்கும் முகவரி மாற்றத்துக்கு) பின்னால் உட்கார்ந்திருக்கும், பக்கத்து மேசைக் கணினியிலிருந்து உங்கள் சர்வரைத் தொட முடியாது. விண்டோஸின் நெட்எஸ்ஹெச் கட்டளையில் போர்ட்பிராக்சி (போர்ட்டைத் திருப்பிவிடும் வசதி) போட்டால் டிசிபி மட்டும் கடக்கும், யூடிபி கடக்காது. விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பு முதல் விண்டோஸின் நெட்வொர்க்கையே லினக்ஸும் பகிரும் மிரர்டு முறை இருக்கிறது, இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கையில் ஒரு .இஎக்ஸ்இ கொடுக்க வேண்டும் என்றால் இந்த வழியை இத்தோடு மறந்துவிடலாம்.

சிக்வின் பழைய ஆள், யூனிக்ஸ் நிரலை விண்டோஸில் ஓட்ட உதவும் தொகுப்பு. யூனிக்ஸ் நிரலுக்குத் தேவையான தலைப்புக் கோப்புகள், ஃபோர்க் (ஓடும் நிரலைப் பிரதியெடுத்து இன்னொன்றாக ஓட்டுவது), செலக்ட் (பல சாக்கெட்டுகளைக் கவனிப்பது), சிக்னல் எல்லாம் அதில் உண்டு, அத்தனையும் சிக்வின்1.டிஎல்எல் என்ற ஒரே கோப்பின் தலையில். வெறும் போசிக்ஸ் (யூனிக்ஸ் பொதுத் தரநிலை) சாக்கெட் நிரல் என்றால் கான்ஃபிகர், மேக் என்று போட்டதும் பல சமயம் அப்படியே கட்டிவிடும். ஈபோல் (பல இணைப்புகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் லினக்ஸ் வசதி) கிடையாது, ஏஎஃப்_பாக்கெட் (நெட்வொர்க் பாக்கெட்டை நேரடியாகக் கையாளும் சாக்கெட் வகை) கிடையாது. அதெல்லாம் இருந்தால் நின்றுவிடும், நிற்பதே நல்லது. இங்கே மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் பாதி யூனிக்ஸ் பாதி விண்டோஸ் என்று கலக்கிறவர்கள்தான். சிஸ்/செலக்ட்.எச்-ஐயும் விண்டோஸின் சாக்கெட் தலைப்புக் கோப்பான வின்சாக்2.எச்-ஐயும் ஒரே கோப்பில் சேர்த்தால் எஃப்டி_செட் (கவனிக்க வேண்டிய சாக்கெட்டுகளின் பட்டியல்) பற்றி ஒரு எச்சரிக்கை வரும், "ஓடும்போது சிக்கல் வரலாம்" என்று சொல்லும். அதை எச்சரிக்கைதானே என்று விட்டுவிடாதீர்கள். இரண்டிலும் அந்த அமைப்பு (ஸ்ட்ரக்ட்) வேறு வேறு. சிக்வினைத் தேர்ந்தெடுத்தால் வின்சாக் பக்கமே போகக் கூடாது. ஃபோர்க் ஓடும், ஆனால் ரொம்ப மெதுவாக. இணைப்புக்கு ஒரு ஃபோர்க் போடும் சர்வரை இதில் வைத்து ஓட்டாதீர்கள்.

அடுத்தது மிங்டபிள்யூ-டபிள்யூ64, விண்டோஸுக்கு .இஎக்ஸ்இ கட்டித்தரும் ஜிசிசி கம்பைலர் தொகுப்பு. எம்எஸ்ஒய்எஸ்2 என்ற தொகுப்பு வழியாக விண்டோஸிலேயே நிறுவலாம், இல்லையென்றால் உபுண்டுவில் உட்கார்ந்தபடியே குறுக்குக் கம்பைல் செய்யலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான், அதிகப் பிழை வருவதும் இதில்தான்.

தலைப்புக் கோப்புகளில் தொடங்கும். சிஸ்/சாக்கெட், நெட்இனெட்/இன், ஆர்ப்பா/இனெட் மூன்றையும் எடுத்துவிட்டு வின்சாக்2.எச், டபிள்யூஎஸ்2டிசிபிஐபி.எச் இரண்டையும் போடுங்கள். விண்டோஸ்.எச்-உம் வேண்டும் என்றால் அது வின்சாக்2-க்குப் பிறகுதான் வர வேண்டும். மாறி வந்தால் பழைய வின்சாக்.எச் உள்ளே நுழைந்துவிடும்: மிங்டபிள்யூ-டபிள்யூ64 வரிசையை மாற்றச் சொல்லி எச்சரிக்கும், மைக்ரோசாஃப்ட் கம்பைலரிலோ ஒரே அமைப்பை இரண்டு முறை வரையறுத்ததாகப் பக்கம் பக்கமாகப் பிழை கொட்டும். அத்தனைக்கும் மருந்து இரண்டு வரியை இடம் மாற்றுவது. லினக்ஸிலிருந்து குறுக்குக் கம்பைல் செய்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: மூலநிரலில் பெரிய டபிள்யூ போட்டு விண்டோஸ்.எச் என்று எழுதியிருந்தால் கோப்பே கிடைக்காது, அங்கே கோப்புப் பெயர் முழுக்கச் சின்ன எழுத்தில் இருக்கிறது.

அதைத் தாண்டினால் கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்க்கர். சாக்கெட், கனெக்ட், செண்ட் எதையுமே தெரியாது என்று கைவிரிக்கும். டபிள்யூஎஸ்2_32 நூலகத்தைச் சேர்க்க வேண்டும், அதுவும் கட்டளை வரியில் உங்கள் கோப்புகளுக்குப் பின்னால். நூலகத்தைச் சேர்த்த பிறகும் அதே பிழையா? வரிசையைத்தான் முதலில் பாருங்கள்.

இதுவரை வந்ததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பிழை. இனிமேல்தான் கவனம் வேண்டும். மிங்டபிள்யூ-வில் யூனிஸ்டிடி.எச் இருக்கிறது, அதனால் குளோஸ், ரீட், ரைட் எல்லாம் சத்தமில்லாமல் கம்பைல் ஆகும். ஆனால் அவை கோப்புக்கானவை, சாக்கெட்டை மூடாது, படிக்காது. குளோஸ்சாக்கெட், ரெக்வ், செண்ட் என்று மாற்றியே ஆக வேண்டும். அப்புறம் விண்டோஸில் சாக்கெட் வகை குறியில்லா எண். "பூஜ்யத்தைவிடக் குறைவா" என்று சோதிக்கும் பழைய வரி கம்பைல் ஆகும், என்றைக்குமே உண்மை ஆகாது. இன்வேலிட்_சாக்கெட் உடன் ஒப்பிடுங்கள். வின்சாக்கைத் தொடங்கிவைக்கும் டபிள்யூஎஸ்ஏஸ்டார்ட்அப்-ஐக் கூப்பிட மறந்தாலும் கம்பைலர் வாயே திறக்காது. பிழை எண்ணுக்கு எர்நோ-வைப் பார்த்தால் அது வேறு ஏதோ சொல்லும், டபிள்யூஎஸ்ஏகெட்லாஸ்ட்எரர் வேண்டும்.

என் பார்வையில் எல்லாவற்றிலும் மோசமானது காத்திருப்பு நேரம் வைக்கும் வரி. லினக்ஸில் எஸ்ஓ_ரெக்வ்டைமோ-வுக்கு டைம்வால் அமைப்பைக் கொடுப்போம், 5 நொடி, 0 மைக்ரோநொடி. விண்டோஸ் அந்த இடத்தில் எதிர்பார்ப்பது மில்லிநொடியில் ஒரே ஒரு எண். டைம்வாலை அப்படியே கொடுத்தால் சுட்டி வகை பொருந்தவில்லை என்று கம்பைலர் சொல்லும். பழைய ஜிசிசி-யில் அது எச்சரிக்கை, 2024-இல் வந்த ஜிசிசி 14 முதல் பிழை. உடனே ஒரு காஸ்ட் (வகை மாற்றம்) போட்டு வாயை அடைப்போம், கம்பைல் ஆகிவிடும். விண்டோஸ் அந்த அமைப்பின் முதல் எண்ணான 5-ஐ எடுத்துக்கொள்ளும், உங்கள் 5 நொடி 5 மில்லிநொடி ஆகிவிடும். உள்ளூர் சோதனையில் தெரியவே தெரியாது, மெதுவான இணைப்பில் எல்லாம் அறுந்து விழும்.

மைக்ரோசாஃப்டின் சொந்தக் கம்பைலர் கொஞ்சம் கறார். அதில் யூனிஸ்டிடி.எச் கிடையாது, எஸ்சைஸ்_டி வகை கிடையாது, ஐபி முகவரியை எழுத்தாக்கும் இனெட்_என்டிஓஏ எழுதினால் பழசு என்று சி4996 காட்டும். அந்த எச்சரிக்கையை அணைக்க ஒரு மேக்ரோ இருக்கிறது, இணையத்தில் பாதிப் பதில்கள் அதைத்தான் சொல்கின்றன. இனெட்_என்டாப்-க்கு மாற ஒரு வரிதான் ஆகும், அதைச் செய்யுங்கள்.

லிப்யூவி வேறு ரகம். நோட்.ஜேஎஸ்-க்காக எழுதப்பட்ட நூலகம், லினக்ஸில் ஈபோல், பிஎஸ்டி-யில் கேகியூ, விண்டோஸில் ஐஓசிபி என்று அடியில் அதுவே பார்த்துக்கொள்ளும். மேலே சொன்ன வில்லங்கங்கள் பெரும்பாலும் உங்கள் கைக்கே வராது. விலை என்னவென்றால் நிரலையே கால்பேக் (நிகழ்வு வந்ததும் கூப்பிடப்படும் செயல்கூறு) பாணிக்குத் திருப்பி எழுத வேண்டும், 300 வரிக் கருவிக்கு இது அதிகப்படி. ஈபோல் சுற்று ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கலைக்க மனசில்லை என்றால் விண்டோஸில் ஈபோல் போலவே நடக்கும் டபிள்யூஈபோல் பாருங்கள்: ஒரு .சி கோப்பு, ஒரு .எச் கோப்பு, அவ்வளவுதான். ஆனால் எட்ஜ் டிரிகர் (நிலை மாறும்போது மட்டும் தகவல் தருவது) அதில் இல்லை, ஈபோல்ஈடி-யை நம்பிய நிரலென்றால் படிக்கும் தர்க்கத்தைத் திரும்ப யோசிக்க வேண்டும்.

சரி, எதை எடுப்பது? இணைப்புகள் ஆயிரக்கணக்கில் வரும், இரண்டு இயங்குதளத்திலும் வருடக்கணக்கில் பராமரிக்க வேண்டும் என்றால் லிப்யூவி, யோசிக்கவே வேண்டாம். ஃபோர்க் நிறைந்த பழைய யூனிக்ஸ் கருவியைத் தொடாமல் எப்போதாவது ஓட்ட சிக்வின். மற்ற எல்லாவற்றுக்கும் மிங்டபிள்யூ. சாக்கெட் வித்தியாசங்களை எல்லாம் ஒரே ஒரு தலைப்புக் கோப்பில் அடைத்துவிடுங்கள், மற்றக் கோப்புகளில் இஃப்டெஃப் (இயங்குதளம் பார்த்துப் பிரிக்கும் வரிகள்) தூவாதீர்கள். எச்சரிக்கைகளை முழுக்கத் திறந்து வையுங்கள், முக்கியமாகக் குறியுள்ள, குறியில்லா ஒப்பீட்டுக்கானதை. செட்சாக்ஆப்ட் (காத்திருப்பு நேரம் போன்றவற்றை வைக்கும் அழைப்பு) வரும் ஒவ்வொரு வரியையும் காஸ்ட் போடாமல் ஒரு முறை கம்பைல் செய்து, அது என்ன முனகுகிறது என்று படித்துவிட்டு அப்புறம் திருத்துங்கள்.