ஆஸ்பிரின் சாப்பிடுகிறவருக்கு மூட்டு வலி: எந்த மாத்திரை கொடுப்பது?

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள் பலர் தினமும் எக்கோஸ்பிரின் 75 சாப்பிடுகிறார்கள். வீட்டில் அதற்குப் பெயர் 'ஹார்ட் மாத்திரை'. அதில் இருப்பது ஆஸ்பிரின்தான் என்பது கூட இருப்பவர்களுக்குக்கூடத் தெரிவதில்லை. அப்படிப்பட்டவர் முழங்கால் வலி என்று மெடிக்கலில் போய் நின்றால், பெயர் இருக்கும் பக்கம் போய்விட்ட, கத்தரித்த அட்டையில் நாலு மாத்திரை கைக்கு வரும். அது என்ன மாத்திரை என்று கேட்காமல் வாங்கவே கூடாது.

ஏற்கெனவே ஆஸ்பிரின் போடுகிறோமே, வலிக்கு அதையே கொஞ்சம் கூட்டிப் போட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். வலி குறைய ஒரு வேளைக்கே 300 மில்லிகிராமாவது தேவைப்படும். அளவு கூடக் கூட ரத்தக்கசிவு அபாயமும் கூடும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு, ஆஸ்பிரின் பட்டால், அதன் ஆயுள் முடியும்வரை, அதாவது 7 முதல் 10 நாள் வரை, சரியாக வேலை செய்யாது. ஸ்டென்ட் அடைக்காமல் இருப்பது இதனால்தான். வயிற்றில் புண் இருந்தால் கசிவு லேசில் நிற்காததும் இதனால்தான். சாப்பிட்ட பிறகு போட்டால் ஒன்றும் செய்யாது என்பதைப் பாதிதான் நம்பலாம். இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதையே ஆஸ்பிரின் ரத்தத்தின் வழியாகப் போய்க் குறைத்துவிடுகிறது. அதனால் மேல்பூச்சு உள்ள மாத்திரையும் முழுப் பாதுகாப்பு இல்லை. ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு இதனால் மூச்சுத்திணறலே வரும்.

அடுத்தது புரூஃபென், காம்பிஃப்ளாம் இரண்டிலும் இருக்கும் ஐபுப்ரோஃபென். ஆஸ்பிரின் தட்டணுவில் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் இது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். இது விலகுவதற்குள் ஆஸ்பிரின் ரத்தத்திலிருந்து மறைந்து போயிருக்கும். ஆக, மாத்திரை தவறாமல் போட்டும் இதயத்துக்குக் காவல் இல்லாமல் போகலாம். சாதாரண ஆஸ்பிரின் போட்டு 30 நிமிடமாவது கழித்து ஐபுப்ரோஃபென் போடலாம், அல்லது ஆஸ்பிரினுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் முன்பாகப் போடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-ல் சொன்னது. நம் ஊர் எக்கோஸ்பிரின் மேல்பூச்சு உள்ளது, மெதுவாகக் கரைவது. அதற்கு இந்தக் கணக்கை அப்படியே போட முடியாது.

டைக்ளோஃபெனாக் (வோவெரான்), அசெக்ளோஃபெனாக் (ஜீரோடால்) இரண்டும் வலியை நன்றாகவே அடக்கும். ஆனால் டைக்ளோஃபெனாக் மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்பதால், இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களுக்கு அது கூடாது என்று 2013-ல் ஐரோப்பிய மருந்து முகமை அறிவித்தது. அசெக்ளோஃபெனாக்கும் அதே வகையறா. அப்புறம் கிட்னி. பிரஷருக்கு டெல்மிசார்டனும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிற பெரியவருக்கு இந்த ரக வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் சட்டென்று பழுதாகலாம். மூன்று மாத்திரையும் ஒரே டப்பாவில் இருக்கும் வீடுகள் எத்தனையோ.

பாராசிட்டமால் தட்டணுவைத் தொடாது, வயிற்றையும் அவ்வளவாகப் புண்ணாக்காது. மாத்திரைகளில் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் முழங்கால் தேய்மான வலிக்கு இது கொஞ்சம்தான் கேட்கும். அதனால் இன்னொன்று, இன்னொன்று என்று போடத் தோன்றும். அங்கேதான் கல்லீரலுக்கு ஆபத்து. பெரியவர்களுக்கு நாளுக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. டோலோ 650 ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடும். குடிப்பழக்கம் உள்ளவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், மெலிந்த முதியவர்களுக்கு வரம்பு இன்னும் குறைவு. ஜீரோடால்-பி அட்டையைத் திருப்பிப் பாருங்கள், அந்த 'பி' 325 மில்லிகிராம் பாராசிட்டமால். காம்பிஃப்ளாமிலும் அதே 325. டோலோவோடு இவற்றையும் போடுகிறவர் இதையும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும்.

டிராமடால் என்ற வலுவான வலி மருந்து கலந்த மாத்திரைகளை மருத்துவர் எழுதினால் மட்டும் எடுக்கலாம். தலைசுற்றல், வாந்தி, மலச்சிக்கல் வரும். வயதானவர்கள் தடுமாறி விழுவதும் உண்டு.

முழங்கால் வலிக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நான் சொல்வது டைக்ளோஃபெனாக் ஜெல். தடவுவதில் ரத்தத்துக்குப் போவது மாத்திரையைவிட மிகக் குறைவு. கை, முழங்கால் போன்ற மேலோட்டமான மூட்டுகளுக்கு நன்றாகக் கேட்கும். அதையும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தொடங்குங்கள். ஜெல்லுக்கு அடங்காத நாளில் பாராசிட்டமால். அதற்கும் அடங்காவிட்டால் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

மழைக்காலத்தில் இன்னொன்று. காய்ச்சலோடு உடம்பு வலி வந்தால், ரத்தக்கசிவு வரக்கூடிய டெங்குவாக இருக்கலாம் என்பதால், பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் தொடாதீர்கள். தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர் அதைத் தொடர்வதா என்று அன்றைக்கே மருத்துவரைக் கேட்க வேண்டும். ஸ்டென்ட் உள்ளவர் பயந்துபோய்த் தானாக நிறுத்தினால் அது அடைத்துக்கொள்ளலாம்.

மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, காபித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலோ வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.