மட்கார்டை வெட்டுவதா, வண்டியைத் தூக்குவதா?

என் பிக்கப்பில் இருந்த 265/70 ஆர்16 டயரைக் கழற்றிவிட்டு 285/75 ஆர்16 மாட்டிய அன்றே, ரிவர்ஸ் எடுக்க ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்ததும் கரகரவென்று ஒரு சத்தம். கணக்குப் போட்டால் விட்டத்தில் 56 மி.மீ. கூடியிருக்கிறது, அகலத்தில் 20 மி.மீ. ஆரத்தில் வெறும் 28 மி.மீ.தான். அந்த 28 மி.மீ.க்கு இடம் பண்ணத்தான் இத்தனை பாடும்.

வழிகள் நாலு. வண்டியைத் தூக்கலாம், மட்கார்டை வெட்டலாம், வெட்டிவிட்டு மேலே அகலமான ஃப்ளேர் (சக்கரத்துக்கு மேல் வெளியே நீண்டு நிற்கும் பிளாஸ்டிக் விளிம்பு) பொருத்தலாம், இல்லையென்றால் தகர மட்கார்டையே கழற்றிவிட்டு ஃபைபர் மட்கார்டு போடலாம். நான் வெட்டினேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது சஸ்பென்ஷன் லிஃப்ட், அதாவது ஸ்பிரிங் பக்கம் உயரம் கூட்டி வண்டியைத் தூக்குவது. நின்றுகொண்டிருக்கும் வண்டியைப் பார்த்தால் அது சரியாகத்தான் தெரியும், டயருக்கு மேலே கை நுழைகிற அளவு இடைவெளி வந்துவிடும். ஆனால் பள்ளத்தில் இறங்கி ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது சக்கரத்தைத் தடுத்து நிறுத்துவது பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டை. அது பழைய இடத்திலேயே இருந்தால் டயரும் பழைய இடத்துக்கேதான் ஏறி வரும், லிஃப்ட் போட்டாலும் போடாவிட்டாலும். பம்ப் ஸ்டாப்பை நீளமாக்கினால் உரசாது, ஆனால் சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம் குறையும். முன்சக்கரம் தனித்தனி சஸ்பென்ஷனில் ஓடும் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ரொம்பத் தூக்கினால் ஆக்ஸில் வளைகிற கோணம் மோசமாகி, அதன் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) சீக்கிரம் கிழியும். பாடி லிஃப்ட் அப்படியில்லை, கேபினையும் பின் பாடியையும் சேஸிஸிலிருந்து உயர்த்துவதால் மட்கார்டில் நிஜமாகவே இடம் கிடைக்கும். ஆனால் ஸ்டீயரிங் ஷாஃப்ட், டீசல் ஊற்றும் குழாய், பம்பர் என்று பலதையும் அதற்கேற்ப மாற்ற வேண்டிவரும். அதை நான் சொந்த வண்டியில் போட்டதில்லை, கூட வந்த வண்டிகளில் பார்த்ததோடு சரி.

இன்னொன்று, நிறையப் பேருக்கு டயர் உரசுவது மேலே அல்ல. ஒடிக்கும்போது முன்னால் பம்பர் ஓரத்திலும், பின்னால் கேபினுக்குக் கீழே, இரண்டு தகரத்தை ஒன்றாக மடித்து ஸ்பாட் வெல்டிங் வைத்த விளிம்பிலும்தான் உரசும். கத்தியை எடுப்பதற்கு முன் சும்மா செய்யக்கூடிய வேலைகளும் உண்டு. மட்ஃப்ளாப்பைக் கழற்றுங்கள், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரை ஹீட் கன்னில் இளக்கிப் பின்னால் தள்ளுங்கள், அலைன்மென்ட் போடும்போது சக்கரத்தை எவ்வளவு முன்னே நகர்த்த முடியுமோ அவ்வளவு நகர்த்தச் சொல்லுங்கள். டயரை வெளியே தள்ளி நிறுத்தும் வீல் டிஸ்க் மட்டும் வாங்காதீர்கள். உள்பக்கம் இடம் கிடைக்கும், ஆனால் ஒடிக்கும்போது டயர் இன்னும் பெரிய வட்டம் போட்டு பம்பரையும் கேபினையும் சேர்த்து இடிக்கும்.

இத்தனையும் செய்து போதாமல்தான் வெட்டினேன். முன் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் மேலே தூக்கி, இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்து, படுகிற இடத்தில் எல்லாம் சாக்பீஸால் கோடு போட்டேன். கண்மதிப்பில் வெட்டியிருந்தால் தேவையில்லாத இடத்தில் தகரம் போயிருக்கும். கேபினுக்குக் கீழே இருக்கும் அந்த வெல்டிங் விளிம்பை வெட்டவே இல்லை, சுத்தியலால் தட்டி மடக்கியதே போதுமானதாக இருந்தது.

வெட்டுவது அரைநாள் வேலை. அதற்கப்புறம் துருவோடு மல்லுக்கட்டுவதுதான் இதில் உண்மையான வேலை, லிஃப்ட்டா வெட்டா என்று முடிவு செய்கிறவர்கள் யோசிக்க வேண்டியதும் அதைத்தான். கம்பெனித் தகரத்தின் மேல் துத்தநாகப் பூச்சும் பிரைமரும் பெயின்டும் இருக்கும். வெட்டிய விளிம்பில் ஒன்றும் கிடையாது, பச்சை இரும்பு. ஆங்கிள் கிரைண்டர் போட்டால் சூட்டில் பக்கத்துப் பெயின்டும் கருகும், பொறி பறந்து கண்ணாடியில் ஒட்டும், பிறகு அந்தப் புள்ளிகளும் துருப்பிடிக்கும். நான் இடது பக்கத்தைக் கிரைண்டரில் வெட்டினேன், வலது பக்கத்தைத் தகரக் கத்தரியில். இரண்டுக்கும் ஒரே எபாக்ஸி பிரைமர், ஒரே பெயின்ட். அடுத்த மழைக்காலம் முடிந்து பார்த்தால் இடது பக்கத்தில் மட்டும் பெயின்ட் கொப்புளம் போட்டிருந்தது. சுரண்டி, தேய்த்து, மறுபடியும் அடித்தேன். அதோடு விளிம்பை மறைக்க மாட்டிய ரப்பர் பீடிங்கையும் பிடுங்கி எறிந்தேன். பார்க்க அழகாக இருந்தது, உள்ளே தண்ணீரும் சேறும் தேங்கி நின்றது. இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை கழுவி, காயவைத்து, உள்பக்கம் மெழுகு அடிக்கிறேன்.

ஃப்ளேர் எனக்குப் பிடிக்காமல் போனதும் இதனால்தான். அசிங்கமான வெட்டை மறைக்கும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயரையும் மூடும் (டயர் மட்கார்டுக்கு வெளியே தெரியக்கூடாது என்று பல நாடுகளில் சட்டம் இருப்பதால் சிலருக்கு வேறு வழியே இல்லை). ஆனால் அதை மாட்ட ஓட்டை போட வேண்டும், ஒவ்வொரு ஓட்டையும் துருவுக்கு ஒரு வாசல். பிளாஸ்டிக்குக்கும் பெயின்டுக்கும் நடுவே மணல் போய் அரைத்துக்கொண்டே இருக்கும், கழற்றாமல் அது கண்ணிலும் படாது. ஃபைபர் மட்கார்டு துருப்பிடிக்காது, இடமும் தாராளம். ஆனால் மரத்தில் இடித்தால் தகரம் நசுங்கும், ஃபைபர் விரிசல் விடும். காட்டுப் பாதைக்கு நான் தகரத்தையே நம்புகிறேன்.

விற்பனை மதிப்பைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வித்தியாசம். முன் மட்கார்டு போல்ட்டில் நிற்கிற தனித் தகடு. நாளைக்கே வேண்டாம் என்றால் வேறொன்று வாங்கிப் பெயின்ட் அடித்து மாட்டிவிடலாம். பின் பாடியின் பக்கச் சுவர் வெல்டிங்கில் சேர்ந்த இரட்டைத் தகரம். அதை வெட்டினால் உள்தகரமும் வெளித்தகரமும் பிரிந்து வாய் திறக்கும், திரும்ப வெல்டிங் வைத்து சீலர் பூசாவிட்டால் நடுவில் சேறு போய் உள்ளிருந்தே அரிக்கும். எனக்குப் பின்சக்கரம் உரசவில்லை, அதனால் பின் பாடியைத் தொடவில்லை. 35 அங்குல டயர் போடுகிறவர்கள் அங்கே தப்பிக்க முடியாது, அந்த வேலையை நல்ல டிங்கரிடம் விடுவதே மேல்.

ஸ்பீடோமீட்டர் இப்போது 100 காட்டினால் வண்டி ஏறக்குறைய 107இல் ஓடுகிறது. அதைக்கூட முன்பே யோசித்து வைத்திருந்தேன். யோசிக்காமல் விட்டது ஸ்டெப்னியை. புது அளவு டயர் வண்டிக்கு அடியில் பழைய இடத்தில் நுழையவில்லை, சின்ன டயரையே வைத்துக்கொள்ளலாம் என்றால் ஒரே ஆக்ஸிலில் இரண்டு விட்டம் ஓடினால் டிஃபரென்ஷியலுக்கு (இரண்டு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) ஆகாது. இப்போது அது பின் பாடியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது.