வீட்டுக்குள் ஒரு சர்வர்: வருடக்கணக்கில் ஓட்டிய பிறகு எது நிலைத்து நின்றது, எது போனது

வீட்டில் சொந்தமாக சர்வர், சுவிட்ச், ஃபயர்வால் எல்லாம் வைத்து ஓட்டுவதைப் பற்றி வரும் விமர்சனங்களில் பெரும்பாலானவை வாங்கிப் பொருத்திய சூட்டோடு எழுதப்படுபவை. அப்போது எல்லாமே நன்றாகத்தான் ஓடும். டிஸ்க் சாவது, யூபிஎஸ் பேட்டரி உப்பிப்போவது, ஒரு அப்டேட்டில் பாதி சேவைகள் படுத்துவிடுவது எல்லாம் பிற்பாடு வரும். என்னிடம் அவை எல்லாமே ஒரு சுற்று வந்துவிட்டன. அதனால் இப்போது எழுதலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டாருக்குத் தேவைப்படுவதும் நான் நோண்டி விளையாடுவதும் ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது. இந்தப் பொழுதுபோக்கில் மற்ற எதை எப்படிச் செய்தாலும் சமாளித்துக்கொள்ளலாம்.

இப்போது இருப்பது இவ்வளவுதான். விசிறி இல்லாத ஒரு குட்டிப் பெட்டியில் ஓப்பிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள் ரூட்டராக ஓடுகிறது. அதிலிருந்து ஒரு பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரமும் கொடுப்பது), சுவிட்ச்சிலிருந்து கேபிள் வழியே வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டுகள். டிஸ்குகள் உள்ள ஒரு பெட்டியில், ஒரே கணினிக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது மென்பொருளால் ஆன கணினிகளை, ஓட்டும் புராக்ஸ்மாக்ஸும் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டமும். தனியாக ஒரு இன்டெல் என்100 மினி பிசி, அது விளையாட்டு மைதானம். அதை எப்போது வேண்டுமானாலும் அழித்துப் புதிதாகப் போடலாம், வீட்டில் ஒருவருக்கும் தெரியவராது.

புராக்ஸ்மாக்ஸ் கையில் பழகியதும் ரூட்டரையும் ஒரு விர்ச்சுவல் மெஷினாக அதற்குள்ளேயே போட்டுவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். டெபியன் லினக்ஸ் மேல் கட்டிய அமைப்பு, நெட்வொர்க் கார்டை அப்படியே விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுத்துவிடலாம், வேகமும் பெரிதாகக் குறையாது. ஆனால் கர்னல் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் வீடு முழுக்க நெட் போகும். மறுபடி எழுந்து வராவிட்டால்தான் இருக்கிறது வேடிக்கை. தீர்வு தேட இணையம் வேண்டும், இணையம் அந்தப் பெட்டிக்குள். பாஸ்வேர்டு மேனேஜரும் அதே பெட்டிக்குள் ஒரு கன்டெய்னரில் தூங்கிக்கொண்டிருக்கும். பக்கத்து அறையிலிருந்து அப்பா, “என்னத்தடா நோண்டின, நெட் வரல” என்பார். ரூட்டர் தனிப் பெட்டிக்குப் போனதும் அந்தக் குரல் நின்றுவிட்டது. சர்வர் படுத்தாலும் படம் பார்ப்பதும் போன் பேசுவதும் நடக்கிறது.

தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ்ஸுக்கும் இதே கதைதான். விளம்பரங்களை வடிகட்ட பை-ஹோல் என்ற டிஎன்எஸ் சர்வரை வைப்பவர்கள், அது படுத்தால் உதவட்டும் என்று, கருவிகளுக்கு முகவரிகளை விநியோகிக்கும் டிஎச்சிபியில் இரண்டாவது டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 போன்ற ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். முதலாவது செத்தால்தான் இரண்டாவதிடம் போகும் என்ற கணக்கு. பல கருவிகள் அந்தக் கணக்கைப் பின்பற்றுவதில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கும், அல்லது சீக்கிரம் பதில் தருவதையே பிடித்துக்கொள்ளும். விளம்பரம் சில சமயம் வரும், சில சமயம் வராது, காரணம் மட்டும் பிடிபடாது. இரண்டு பை-ஹோல்களை இரண்டு வெவ்வேறு பெட்டிகளில் வைத்து இரண்டின் முகவரியையும் கொடுப்பதுதான் ஒழுங்கான வழி. வீட்டுக்குள் பெயர் வைக்க .லோக்கல் வேண்டாம், அது, வீட்டுக்குள் கருவிகள் ஒன்றையொன்று தேடும் எம்டிஎன்எஸ்ஸுக்கு உரியது. வீட்டு வலைகளுக்கென்றே 2018-ல் ஆர்எஃப்சி 8375 என்ற இணையத் தர ஆவணம் ஒதுக்கிக் கொடுத்த ஹோம்.ஆர்ப்பா இருக்கிறது. பெயர் அழகாக இல்லைதான்.

இத்தனை வருடத்தில் எது மிகவும் பயன்பட்டது என்று கேட்டால் சுவருக்குள் போன கேபிளைத்தான் சொல்வேன். சர்வர் மாறிவிட்டது, வைஃபை தலைமுறை மாறிவிட்டது, கேபிளை மட்டும் யாரும் தொடவில்லை. கேட் 6 வகை கேபிளில் 10 கிகாபிட் சுமார் 55 மீட்டர் வரை போகும், வீட்டுக்கு அது போதும். 100 மீட்டர் முழுக்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் கேட் 6ஏ. வாங்கும்போது பார்க்க வேண்டியது வேறொன்று: உள்ளே இருப்பது முழுத் தாமிரமா, தாமிரம் பூசிய அலுமினியமா? கம்பி முனையை பிளேடால் லேசாகச் சுரண்டினால் தெரிந்துவிடும். உள்ளே வெள்ளி நிறம் எட்டிப் பார்த்தால் அது அலுமினியம். மின்தடை அதிகம், பிஓஇ கொடுத்தால் சூடேறும், இரண்டு முறை வளைத்தால் உடையும்.

முனை போடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையை எல்லாரும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். முறுக்கை எவ்வளவு பிரிக்கலாம் என்பதைத்தான் கவனிப்பதில்லை. கம்பிகளை வரிசைப்படுத்த வசதியாக இருக்கட்டும் என்று நீளமாகப் பிரித்துவிடுவார்கள். அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. ஒரு ஜோடியின் இரைச்சல் அடுத்த ஜோடிக்குத் தாவாமல் தடுப்பதே அந்த முறுக்குதான். இன்னொன்று, கிகாபிட் வர வேண்டிய இடத்தில் சுவிட்ச் 100 என்று காட்டினால் சர்வரைக் குடைய வேண்டாம். 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். முனையை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டால் முடிந்தது.

வைஃபையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆக்சஸ் பாயின்ட்டின் சக்தியைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். எந்த ஆக்சஸ் பாயின்ட்டோடு ஒட்டிக்கொள்வது என்பதை முடிவு செய்வது போன்தான், தூரத்தில் உள்ளதன் சிக்னல் பலமாகத் தெரிந்துகொண்டிருந்தால் பக்கத்தில் உள்ளதற்கு அது நகரவே நகராது.

சரி, மின்சாரம். ஒரு வாட் வருடம் முழுக்க ஓடினால் 8.76 யூனிட். 100 வாட் என்றால் 876 யூனிட். அலுவலகங்களில் கழித்துவிட்ட ரேக் சர்வர்கள் சும்மா இருக்கும்போதே இந்த 100-ஐ எளிதாகத் தாண்டும். அதோடு 1யூ எனப்படும் தட்டையான பெட்டிக்குள் இருக்கும் 40 மில்லிமீட்டர் விசிறிகள் எழுப்பும் கீச்சொலியில் பக்கத்து அறையில்கூடத் தூங்க முடியாது. படிப்பதற்காக அப்படியொன்றை வைத்திருப்பது சரிதான், தேவைப்படும்போது மட்டும் போட்டால் போதும். நாள் முழுக்க ஓடுவதற்கு என்100 மாதிரியான 6 வாட் சிப்பு தாராளம். இதிலும் கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்று உண்டு. சில நெட்வொர்க் கார்டுகளும், டிஸ்குகளை இணைக்கும் எச்பிஏ கார்டுகளும் ப்ராசஸரை ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகவே விடாது. கார்டு குடிப்பது கொஞ்சம்தான், அதனால் ப்ராசஸர் விழித்தே இருந்து குடிப்பது அதைவிட அதிகம். பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்று வைத்துக்கொண்டு, கார்டைப் போட்டும் கழற்றியும் பார்த்தால்தான் இது வெளியே வரும். 10 கிகாபிட்டுக்கும் அப்படியே. இரண்டு பெட்டிகள் அருகருகே இருந்தால் எஸ்எஃப்பி பிளஸ் என்ற 10 கிகாபிட் துளைகளுக்கு நடுவே, முனைகள் பொருத்தியே வரும் டிஏசி என்ற தாமிரக் கேபிள் போதும், குளிர்ச்சியாகக் கிடக்கும். அதே துளையில் சாதாரண நெட்வொர்க் கேபிளுக்கான ஆர்ஜே45 மாட்யூலைச் செருகினால் விரல் வைக்க முடியாத சூடு.

இசட்எஃப்எஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். 2005-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஓப்பன்சோலாரிஸில் வெளிவிட்ட இந்த ஃபைல் சிஸ்டத்தை நான் விடாமல் வைத்திருப்பதற்கு ஒரே காரணம், அது பொய் சொல்லாது. எழுதும் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு செக்சம், அதாவது சரிபார்ப்பு எண், வைத்துக்கொள்கிறது, படிக்கும்போது ஒத்துப்பார்க்கிறது. மாதாமாதம், எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓடுகிறது. ஒரு முறை ஸ்டேட்டஸைப் பார்த்தால், ரீட் 0, ரைட் 0, செக்சம் பத்தியில் மட்டும் ஒரு எண், அதுவும் ஒரே ஒரு டிஸ்குக்கு எதிரே. டிஸ்க் போயிற்று என்று உடனே புதிது வாங்கத்தான் கை போகும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலை எடுத்துப் பார்த்தால், கெட்டுப்போனதால் மறு ஒதுக்கீடு செய்த செக்டர்கள் பூஜ்யம், 199-வது வரிசையான சிஆர்சி பிழை எண்ணிக்கை மட்டும் ஏறியிருந்தது. தட்டு ஆரோக்கியமாக இருக்கிறது, வழியில்தான் தகவல் சிதைகிறது என்று அதற்குப் பொருள். சாட்டா கேபிளை மாற்றினேன். ஸ்க்ரப் மறுபடி ஓடியது, மிரர் ஜோடியிலிருந்த (இரண்டு டிஸ்கிலும் ஒரே தகவல்) மற்ற டிஸ்கிலிருந்து சரியான பிரதியை எடுத்து அதுவே சரிசெய்துகொண்டது. சிஆர்சி எண்ணிக்கை குறையாது, அது வாழ்நாள் கணக்கு. மேலே ஏறாமல் நின்றால் போதும். செக்சம் இல்லாத ஃபைல் சிஸ்டமாக இருந்திருந்தால் இது எதுவுமே கண்ணில் பட்டிருக்காது.

டிஸ்க் வாங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை. எஸ்எம்ஆர் வகை டிஸ்குகள் இதற்கு ஆகாது. தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருப்பதால், டிஸ்க் மாற்றியபின் புதியதில் தகவலை நிரப்பும் ரீசில்வர் வேலையில் அவை திணறித் திணறி ஊரும். தடங்கள் அப்படி ஏறாத சிஎம்ஆர் வகைதானா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

யூபிஎஸ் வைப்பதோடு வேலை முடிவதில்லை. நட் என்ற மென்பொருள் பேட்டரி குறைந்ததும் சர்வரை ஒழுங்காக அணைக்கும், இது எல்லாருக்கும் தெரியும். பலர் கவனிக்காத இடம் அதற்கு அடுத்தது. சர்வர் அணைந்துவிட்டது, ஆனால் யூபிஎஸ்ஸில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது, அந்த நேரம் பார்த்து கரண்ட் வந்துவிடுகிறது. மின்சாரம் போய் வந்ததே சர்வருக்குத் தெரியாது. பயாஸில் ‘கரண்ட் வந்ததும் எழு’ என்று சொல்லி வைத்திருந்தும் அது படுத்தே கிடக்கும். அணைத்து முடித்ததும் வெளியே போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும்படி யூபிஎஸ்ஸுக்கே நட் வழியாகக் கட்டளை கொடுத்துவிட வேண்டும். அப்புறம், ஃபைபர் பெட்டியையும் ரூட்டரையும் சுவிட்ச்சையும் யூபிஎஸ்ஸில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். வீட்டாருக்கு வேண்டியது அவைதான். லெட்-ஆசிட் பேட்டரி மூன்றிலிருந்து ஐந்து வருடம் தாங்கும்.

வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வர ஒயர்கார்டு என்ற விபிஎன். 2020-ல் லினக்ஸ் 5.6 கர்னலிலேயே சேர்ந்துவிட்டது. சரியான சாவி இல்லாமல் தட்டுபவருக்கு அது பதிலே சொல்லாது, அப்படி ஒரு போர்ட் திறந்திருப்பதே வெளியே தெரியாது. வெளியிலிருந்து உள்ளே வழிவிட முன்பு வைத்திருந்த எல்லா போர்ட் ஃபார்வர்டுகளையும் எடுத்துவிட்டு இதை மட்டும் வைத்திருக்கிறேன். ரூட்டரின் வெளி முகவரி 100.64-லிருந்து 100.127 வரைக்குள் இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அதாவது பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது முகவரி. ஐபிவி4-ல் நேராக உள்ளே வர முடியாது, ஐபிவி6-ஐயோ டெயில்ஸ்கேல் போன்ற இடைச் சேவைகளையோதான் நாட வேண்டும். இணைப்பு வந்தும் சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்கினால் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவைப் பாருங்கள். ஒயர்கார்டு இயல்பாக 1420 வைக்கும். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் போட்டு எடுக்கும் பிபிபிஓஇ இணைப்பு என்றால் 1412 ஆக்க வேண்டும்.

ஒரே சுவிட்ச்சைத் தனித்தனி வலைகளாகப் பிரிக்கும் விஎல்ஏஎன்னின் எண்ணுக்கு 12 பிட் இருக்கிறது, 4094 வரை பிரிக்கலாம் என்பதற்காக ஆளுக்கொன்று பிரித்தால் நீங்கள்தான் அலைய வேண்டும். மூன்று போதும்: வீட்டாருக்கு, விருந்தினருக்கு, கேமராவும் ஸ்மார்ட் பல்புகளும் கிடக்கும் ஒன்று. பிரித்த அன்றே டிவிக்குப் படம் அனுப்புவதும் பிரின்டரும் நின்றுபோகும். காரணம், அவை ஒன்றையொன்று தேடப் பயன்படுத்தும் எம்டிஎன்எஸ் ஒரு வலையைத் தாண்டி மறுவலைக்குப் போகாது. ரூட்டரில் அதற்கான ரிப்பீட்டரைப் போட்டால் தீரும். வைஃபையின் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும் ஜிக்பி பல்புகள் அடிக்கடி காணாமல் போனால் வைஃபை 2.4-ஐ சேனல் 1-லோ 6-லோ வைத்துவிட்டு ஜிக்பியை 25-க்கு மாற்றிப் பாருங்கள்.

சேவைகளில் நிலைத்து நின்றவை குறைவு. படம் பார்க்கும் ஜெல்லிஃபின் நின்றது, என்100-க்குள் இருக்கும் குவிக் சின்க் என்ற வீடியோ பகுதி படங்களைக் கருவிக்கு ஏற்ற வடிவத்துக்கு அலுங்காமல் மாற்றிக்கொடுக்கிறது. புகைப்படங்களுக்கு இம்மிச் நின்றது. வீட்டார் எல்லாருமே தினமும் திறப்பது அதை மட்டும்தான், ஆகவே அது விளையாட்டுப் பெட்டியில் இல்லை. வீட்டின் விளக்குகளையும் கருவிகளையும் இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் நின்றது. பல கணினிகளில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் போய்விட்டது. கற்றுக்கொள்ள அருமையான விஷயம், ஒரு வீட்டின் விளக்கைப் போட்டு அணைக்க அது தேவையில்லை. பளபளக்கும் கிராஃப் பலகைகளும் போயின. டிஸ்க் பிழை, பேக்கப் தவறியது, யூபிஎஸ் மாறியது, இந்த மூன்றுக்கு மட்டும் போனுக்கு எச்சரிக்கை வருகிறது.

பேக்கப் என்றதும், ஃபைல்களின் அந்த நேரத்து நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் இருக்கிறதே, மிரர் இருக்கிறதே என்பார்கள். கை தவறி அழித்த ஃபைலை ஸ்னாப்ஷாட் மீட்கும், டிஸ்க் செத்தால் மிரர் காக்கும். பெட்டியே தீய்ந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் குறியாக்கம் செய்து தினமும் வீட்டுக்கு வெளியே ஒரு பிரதியை அனுப்புகிறது. அவ்வப்போது ஏதாவது ஒரு ஆல்பத்தை அங்கிருந்து இறக்கித் திறந்து பார்ப்பேன். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்த வேலை டிஸ்குகளைப் பெரிதாக்குவது. மிரர் ஜோடியாக வைத்திருப்பதன் வசதி இங்கேதான் தெரியும். பல டிஸ்குகளை ஒன்றாகக் கட்டும் ரெய்டுஇசட் முறையில் ஒரே ஒரு டிஸ்கைக் கூடுதலாகச் சேர்க்கும் வசதி 2025-ல் ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3-ல்தான் வந்தது. மிரரில் அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்றைக் கழற்றிப் பெரியதைப் போட்டு, ரீசில்வர் முடிந்ததும் மற்றதை மாற்ற வேண்டும். ஆட்டோஎக்ஸ்பாண்ட் என்ற அமைப்பை முன்பே போட்டுவைத்திருந்தால் இரண்டாவதும் முடிந்த பிறகு கூடுதல் இடம் தானாகத் தெரியும். பழைய டிஸ்குகள் இரண்டும் விளையாட்டுப் பெட்டிக்குப் போகும்.