செல்டா, டெல்டா: திருநெல்வேலியில் இருந்து பார்த்தால் எது தேறும்?

பாளையங்கோட்டையில் எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்துவிட்டுத் தனியார் பள்ளிச் சம்பளத்தில் காலம் தள்ளுகிறவர்கள் கேட்கிற கேள்வி இது. லட்சங்களைப் போட்டு செல்டா, டெல்டா முடித்தால் வெளிநாட்டில் நல்ல வேலை அமையுமா? இரண்டும் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிற ஆசிரியர்களுக்கான கேம்பிரிட்ஜ் படிப்புகள்; செல்டா தொடக்கப் படி, டெல்டா அதற்கு மேல் படி. இரண்டுமே நல்ல படிப்புகள். ஆனால் டெல்டா, ஏற்கெனவே வெளிநாட்டில் கால் ஊன்றியவரை மேலே ஏற்றிவிடுகிற படிப்பு. இங்கிருந்து முதல் விமானம் ஏறுவதற்கு அது அவ்வளவாகக் கைகொடுக்காது. இந்த வரிசை தெரியாமல் பணம் கட்டி முழிக்கிறவர்கள் அதிகம் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பம். டெசால், டெஃப்ல் என்பவை பிற மொழியினருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் துறையின் பெயர்கள். யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் சான்றிதழ் அச்சடிக்கலாம். செல்டா அப்படியல்ல, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவு தருவது. குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி. அதில் உண்மையான மாணவர்களுக்கு 6 மணி நேரம் நீங்கள் பாடம் நடத்த வேண்டும், பயிற்றுநர் உட்கார்ந்து பார்த்து மதிப்பிடுவார். அனுபவசாலிகளின் பாடங்களை 6 மணி நேரம் கவனிக்க வேண்டும். நான்கு எழுத்துப் பணிகளும் உண்டு. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செர்ட்டெசாலும் இதே படிநிலைதான். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஆன்லைன் சான்றிதழ்களும் ‘120 மணி நேரம்’ என்றே போட்டுக்கொள்கின்றன. அந்த எண் அப்படியே இருக்கும், 6 மணி நேரப் பாடம் இருக்காது. விவரம் தெரிந்த நிறுவனம் நேர்காணலில் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்: யார் பார்க்க, எத்தனை மணி நேரம் நடத்தினீர்கள்?

செல்டாவில் நம் ஊர்ப் பட்டதாரிகள் சறுக்குவது ஆங்கில அறிவில் அல்ல. விளக்கத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள், அங்கேதான். 45 நிமிடப் பாடத்தில் 20 நிமிடம் போர்டில் இலக்கணம் போனால் மாணவர் பேச நேரம் ஏது? பயிற்றுநரின் குறிப்பில் அதுதான் முதலில் வரும். ஒரு சின்ன எடுத்துக்காட்டு. ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்று மாணவர் சொல்கிறார். விதியைச் சொல்லித் திருத்துவது நம் பழக்கம். செல்டா எதிர்பார்ப்பது வேறு. சரியான வாக்கியத்தை (‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’) ஒரு சூழலில் காட்டிவிட்டு இரண்டு சின்னக் கேள்விகள் கேட்க வேண்டும்: இப்போதும் அங்கே வேலை பார்க்கிறாரா? இன்றைக்குத்தான் சேர்ந்தாரா? ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று பதில் வந்தால் பொருள் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். அடுத்து வடிவம், அதற்கடுத்து உச்சரிப்பு.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். ‘மூணு வருசமா இங்கதான் வேலை பாக்கேன்’ என்று நிகழ்காலத்திலேயே தமிழ் இதைச் சொல்லிவிடுகிறது, அதனால் ஆங்கிலத்திலும் நிகழ்காலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எழுத்துப் பணிகளில் ஒன்று, மாணவரின் பின்னணியையும் பிழைகளையும் ஆராய்வது. தமிழ் தெரிந்தவருக்கு அதில் கிடைக்கும் பிடி, ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவருக்குக் கிடைக்காது. தாய்மொழி ஆங்கிலம் இல்லையே என்று கூசுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஆன்லைனிலேயே முழு செல்டாவும் முடிக்கலாம். சென்னையிலோ பெங்களூரிலோ அறை எடுத்துத் தங்கும் செலவு மிச்சம். பிரிட்டன் நேரத்தில் நடக்கும் மையமாக இருந்தால் வகுப்பு இங்கே மாலையிலும் இரவிலும் வரும். பள்ளி வேலையை வைத்துக்கொண்டு முழுநேரப் படிப்பில் சேர வேண்டாம். நாலைந்து வாரம் தூக்கமே இருக்காது, பாடத்திட்டம் எழுதவே பொழுது போய்விடும். பகுதிநேரப் படிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். மதிப்பிடப்படும் பாடத்தின் நடுவே கரண்ட் போனால் எரிச்சல்தான், ஃபைபர் இணைப்போடு மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ், மாற்றாகக் கைபேசி டேட்டா என்று இரண்டும் வைத்திருப்பது அவசியம். கட்டணம் மையத்துக்கு மையம் மாறும், லட்சத்தைத் தாண்டும் என்றே கணக்கு வையுங்கள்.

இனி டெல்டா. பிரிட்டனின் தகுதி அளவுகோலில் செல்டா 5ஆம் நிலை, டெல்டாவும் டிரினிட்டியின் டிப்டெசாலும் 7ஆம் நிலை, அதாவது முதுகலைக்கு நிகரான படி. டெல்டாவில் மூன்று பகுதிகள், எந்த வரிசையிலும் எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ். முதல் பகுதி எழுத்துத் தேர்வு, தலா ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு தாள். இரண்டாவதில் நான்கு மதிப்பீட்டுப் பாடங்கள், ஒவ்வொன்றோடும் 2,000 முதல் 2,500 சொல்லில் பின்னணிக் கட்டுரை. நான்காவது பாடத்தை வெளி மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார். மூன்றாவது பகுதி 4,000 முதல் 4,500 சொல்லில் நீண்ட ஆய்வு.

இரண்டாவது பகுதியில் பலர் தடுமாறுவது இப்படித்தான். கட்டுரை ஒரு பக்கம், பாடம் இன்னொரு பக்கம் போய்விடும். கேட்டல் திறனில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒலிப்பதுதான் சிக்கல் என்று கட்டுரையில் எழுதியவர், பாடத்தில் ஒலிப்பதிவைப் போட்டுக் கேள்வி-பதில் மட்டும் நடத்துவார். எழுதிய சிக்கலுக்கு நடத்திய பாடத்தில் மருந்து இருக்கிறதா என்றுதான் மதிப்பீட்டாளர் பார்க்கிறார். முதல் பகுதித் தேர்வில் கலைச்சொற்களைச் சுத்தமாக வரையறுத்து எடுத்துக்காட்டும் தரத் தெரிய வேண்டும். இலக்கியம் படித்த எம்.ஏ.க்காரர்கள் இதற்கு மட்டும் நாலைந்து மாதம் ஒதுக்குவது நல்லது.

இவ்வளவுக்கும் பலன் உண்டா? பிற மொழியினருக்கு ஆங்கிலம் மட்டும் சொல்லித்தரும் மொழிப் பள்ளிகளில் உண்டு, தெளிவாகவே உண்டு. மூத்த ஆசிரியர், பாடப்பிரிவுத் தலைவர், ஆசிரியர் பயிற்றுநர் என்று ஏற டெல்டாதான் படிக்கட்டு. செல்டா பயிற்றுநராகவே ஆக வேண்டுமென்றால் அந்த நிலைத் தகுதி இல்லாமல் நடக்காது. பிரிட்டிஷ் கவுன்சில் அங்கீகாரம் பெற்ற பிரிட்டன் மொழிப் பள்ளிகளில் கல்வி நிர்வாகிக்கு எதிர்பார்க்கப்படுவதும் இந்த அளவுத் தகுதியே.

ஆனால் நெல்லைக்காரர்கள் அதிகம் போவது மொழிப் பள்ளிகளுக்கு இல்லையே. வளைகுடாவின் சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலும் மாலத்தீவுப் பள்ளிகளிலும் பட்டம், பி.எட்., வகுப்பறை அனுபவம், இந்த மூன்றும்தான் பேசும். அங்கே டெல்டாவைக் காட்டினால் மகிழ்வார்கள், சம்பள அட்டவணை நகராது. ஓமன் போன்ற இடங்களில் கல்லூரி அடித்தள ஆங்கில வகுப்புகளுக்கு முதலில் கேட்பது எம்.ஏ.வை. அஞ்சல் வழியில் படித்த பட்டம் வளைகுடாவில் பல இடங்களில் இடறும் என்பதால், அப்படிப் படித்தவர்கள் செல்டாவுக்குப் பணம் கட்டும் முன் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

சில கதவுகள் சான்றிதழால் திறப்பவையே அல்ல. தென்கொரியாவின் தனியார் மொழிப் பள்ளிகளில் கற்பிக்க உதவும் இ-2 விசா, ஆங்கிலம் தாய்மொழியான ஏழு நாட்டுக் குடிமக்களுக்கானது. இங்கிலாந்து அரசு 2023 பிப்ரவரியில் இந்திய ஆசிரியர்களுக்கும் திறந்துவிட்ட, அந்நாட்டுப் பள்ளி ஆசிரியர் தகுதி பெறும் வழி கணிதம், அறிவியல், பிறமொழி ஆசிரியர்களுக்கானது, ஆங்கிலப் பாடம் அதில் சேராது. ‘டெல்டா முடித்தால் கொரியா நிச்சயம்’ என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆகவே கையிருப்பு குறைவாக இருந்தால் பி.எட்.டும் அனுபவமும் முதலில், செல்டா அதன் பின். மொழிப் பள்ளியில் இரண்டு, மூன்று வருடம் நடத்திய பிறகு, மேலே ஒரு பதவி கண்ணுக்குத் தெரியும்போது டெல்டா. இரண்டாவது பகுதிக்குப் பாடம் நடத்த வகுப்பு வேண்டும், வேலையில் இருக்கும்போது அந்த வகுப்பு கையிலேயே இருக்கும்.

காகித வேலையை இன்றைக்கே தொடங்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு என்றால் பட்டச் சான்று முதலில் மாநில அரசின் சரிபார்ப்புக்குப் போக வேண்டும், பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு அந்நாட்டுத் தூதரகம். தற்காலிகச் சான்று போதாது, மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் அபிஷேகப்பட்டிக்குப் போய்ப் பட்டமளிப்புச் சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக ஒன்று, நம்மூரில் மிக அதிகம் மாட்டுவது இதில்தான். பட்டத்தில் ‘எஸ். முத்துலட்சுமி’ என்று இனிஷியலோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். செல்டாவில் பதிவு செய்யும் அன்றே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து எழுத்தாகக் கொடுங்கள். பட்டத்தில் உள்ள பெயரும் இதுவும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி அதே கோப்பில் வையுங்கள்.